குரலை உயர்த்தாதவர்

நவம்பர் 8, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கு ஏன் போனை எடுக்கவில்லை என்று அவர் கேட்டார். ஏணி மேல் நின்றிருந்தேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். பிடித்துக்கொண்டது எங்கள் பள்ளி பி.டி. சார். அதனால் போன் சைலன்ட்டில் இருந்தது என்றேன், மன்னிப்பும் கேட்டேன். உடனே மன்னித்தார். மன்னிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் என்பது இளம்பரிதி. டிசம்பர் 15, மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள், எனக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம். அவர் தொழில் ஆண்களை நல்லவர்களாக்குவது. ‘நல்லாண்மை வட்டம்’ என்ற அமைப்பின் சார்பில் பள்ளி பள்ளியாகப் போய், பெண்களை அடிக்கக் கூடாது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சொன்னால் மட்டும் போதாது, ஓர் ஆண் முன்னால் நின்று வாழ்ந்துகாட்ட வேண்டும், பையன்கள் காதால் படிப்பதில்லை, கண்ணால்தான் படிக்கிறார்கள் என்பது அவர் கொள்கை.

எங்கள் ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அவர் வரக் காரணம் பதினோராம் வகுப்பு செந்தூர்பாண்டி. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, பெண்கள் பள்ளி மாணவி ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்தான். ஐந்து முறை அழைத்தும் அவள் போனை எடுக்கவில்லையாம். ஹெச்.எம். பதறிப்போய், எந்தப் பத்திரிகையிலாவது செய்தி வந்திருக்கிறதா என்று மூன்று நாள் தேடினார். வரவில்லை என்றதும் தெம்பு வந்து, ஐந்து வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஏற்பாடு செய்து பிளெக்ஸும் அடித்துவிட்டார். அதில் தாளாளர், ஹெச்.எம்., இளம்பரிதி மூவரும் கைகட்டி நிற்கிறார்கள். மூலையில் முகத்தைப் பொத்தி அழும் ஒரு பெண், இன்டர்நெட்டில் எடுத்த படம். நிகழ்ச்சியில் பெண்களுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

வகுப்பு என் நூலகத்தில் நடந்தது. பெரிய அறை அது ஒன்றுதான். நான் இங்கே தற்காலிக நூலகர். நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். பையன்களைவிடப் பூச்சிகள்தான் அதிகம் படித்திருக்கின்றன.

உங்களுக்கு முன்மாதிரியான ஆண் யார் என்று அவர் கேட்டதும், இரண்டு நடிகர்கள், ஒரு கிரிக்கெட் வீரர், “எங்க மாமா சார், ஜேசிபி வச்சிருக்காவ” என்று பதில்கள் வந்தன. அவர் புன்னகைத்துவிட்டுத் தன்னைப் பற்றிச் சொன்னார். வீட்டில் தன் தட்டைத் தானே கழுவுவதைப் பத்து நிமிடம் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா முப்பது வருடமாகத் தட்டு கழுவுகிறாள். அதில் பத்து நிமிடத்துக்கு விஷயம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 11, திங்கள்

சாலை மோசம், கவலையாக இருக்கிறது என்றார். போனில் லொகேஷன் எப்போதும் அவருக்குத் தெரிகிற மாதிரி போட்டுக்கொடுத்தேன். பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் அறுநூறு மீட்டர்.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டாம் வெள்ளி வகுப்பின் பலி பி.டி. சார். பெயர் கோமதிநாயகம், வயது நாற்பது இருக்கும், தொண்டை மட்டும் கோயில் திருவிழா ஸ்பீக்கர். மைதானத்தில் அவர் “ஏல மூதி, காலைத் தூக்கிப் போடுல” என்றால் எலுமிச்சை மண்டியில் ஏலம் நிற்கும். ஆண்களின் உரத்த குரலே வன்முறையின் முதல் படி என்று இளம்பரிதி எழுதிக்கொடுத்தார், ஹெச்.எம். மெமோ கொடுத்தார், பி.டி. சார் இனிக் கத்துவதில்லை என்று கையெழுத்துப் போட்டார். மாலையில் கபடிப் பயிற்சியை முழுக்க விசிலால் நடத்தினார். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேர் முட்டிக்கொண்டு ஒருவனுக்கு உதடு கிழிந்தது.

எனக்கு அவர் மேல் பெரிய பரிதாபம் இல்லை. நூலகத்துக்குள் வரும்போதும் அதே குரல்தான். மகளுக்காக வாரம் ஒரு புத்தகம் எடுப்பார். “படம் வேண்டாமாம் மிஸ், எழுத்துதான் வேணுமாம். பொல்லாத புள்ள” என்பார், உலகத்துக்கே கேட்கும்படி. இன்று மெல்ல வந்து, மெல்லவே புத்தகத்தை வைத்துவிட்டு, மேசையில் அதிர்ந்துகொண்டிருந்த என் போனைப் பார்த்தார்.

“ரொம்ப நேரமா அடிக்கே. எடுக்கலையா மிஸ்?”

எடுத்தேன். பக்கத்தில் யார் குரல் என்று கேட்டார் இளம்பரிதி. கத்தாத ஒருவரின் குரல் என்று வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று முதல் இந்த நோட்டு பள்ளியில், ‘உர மேலாண்மை’ வரிசைக்குப் பின்னால் இருக்கும். பதினொரு வருடமாக அங்கே எவரும் கை வைத்ததில்லை. கணவன் மனைவிக்குள் எழுதி வைத்துக்கொள்கிற ரகசியம் எதற்கு, நாளைக்கே நாம் சேர்ந்து படிக்கலாமே என்று இளம்பரிதி ஆசையாகக் கேட்டதால் இந்த ஏற்பாடு. எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி. ஒரு பொய்யால் இருவர் நிம்மதியாக இருக்க முடியும் என்று நாவல்களில் படித்திருக்கிறேன். அந்த நாவல்களின் முடிவு நினைவில் இல்லை.

அம்மா ஊறுகாய்க்கு எலுமிச்சை அரிந்தபடியே அவர் புகழ் பாடினாள். நகை கேட்கவில்லை, குடி கிடையாது, தோசை வார்ப்பாராம். “இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன் எங்கட்டி கெடைப்பான்? ஒங்க அப்பா இதுவரைக்கும் அடுப்பு பத்த வச்சிருக்காவளா?” அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அவர் தூக்கினால்தான் ஆச்சரியம்.

நவம்பர் 22, வெள்ளி

மூன்றாம் வகுப்பு. தலைப்பு: கோபம் வந்தால் என்ன செய்வது. மூச்சை இழுத்துப் பத்து எண்ணி, குரலை இரண்டு படி இறக்கிப் பேச வேண்டும். நாற்பது பையன்களும் குரலை இறக்கிப் பழகினார்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் சன்னமாக “நான் கோபப்படல” என்று சொல்வதைக் கேட்க ஏதோ புதருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. செந்தூர்பாண்டிக்கு நன்றாக வருகிறது. முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுக்கிறான்.

இடைவேளையில் இளம்பரிதி என் மேசைக்கு வந்தார். போனைக் கொஞ்சம் தரச் சொன்னார். கல்லூரித் தோழிகளும் தோழர்களுமாகப் புத்தகம் பற்றிப் பேசும் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இது உனக்கு எதற்கு என்றார், மிகவும் வருத்தமாக. விலகச் சொல்லவில்லை, உனக்கே தோன்ற வேண்டும் என்றார். எனக்கே தோன்றியது. கலைக்களஞ்சிய அடுக்குக்குப் பின்னால் இரண்டு பையன்கள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறேன். அதை மட்டும் கண்டித்தேன்.

நவம்பர் 25, திங்கள்

பசை காய்ச்சி முப்பத்தொரு அட்டை ஒட்டினேன். கை முழுக்கப் பசை. ஒன்பது தவறிய அழைப்புகள். காரணம் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று பசைக் கையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 30, சனி

நேற்று நான்காம் வகுப்பு. பெண் நமக்குத் தெய்வம் என்ற பழைய பாட்டு, விசேஷமில்லை. இன்று தென்காசியில் மாவட்ட அளவில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். சிறந்த பன்னிரண்டு பையன்களை வேனில் அழைத்துக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் வழி முழுக்க என்னோடு போனில் பேசினார். பேசினார் என்றால், நேற்று ஐந்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பது பற்றி. போனில் என் லொகேஷன் பன்னிரண்டு நிமிடம் அஞ்சலகத்துக்கு அருகில் நின்றிருக்கிறது. பூ வாங்கினேன். பூக்காரி சில்லறைக்காக உள்ளே போனாள். இதை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்கையும் பொறுமையாகக் கேட்டு, ஐந்தாவது விதம் உண்டா என்றார்.

ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. வேனில் பிள்ளைகள் இருந்தார்களே.

இனிப் பூவை அம்மாவே வாங்கட்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

கடைசி வகுப்பு, நாடகப் போட்டி. தலைப்பு ‘நல்ல கணவன்’. நடுவர்கள் மூவர்: இளம்பரிதி; திருந்திவிட்டாரா என்று பார்ப்பதற்காக பி.டி. சார்; போட்டோவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதற்காக நான். ஆளுக்குப் பத்து மதிப்பெண்.

முதல் குழுவில் கணவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தான், உடனே கரண்ட் கம்பியை மிதித்துச் செத்தான். நல்ல கணவன் எங்கே என்று ஹெச்.எம். கேட்டதற்கு, செத்தபின் நல்லவனாகிவிட்டான் என்றார்கள். இரண்டாம் குழுவில் கணவன் சாம்பார் வைத்தான். பாத்திரம் கவிழ்ந்து மேசைவிரிப்பு என் செலவில் சலவைக்குப் போகிறது.

மூன்றாவது செந்தூர்பாண்டி குழு. இசக்கிராஜா என்பவன் தோளில் துண்டைச் சேலைபோல் போட்டுக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு மனைவியாக உட்கார்ந்தான். போன் அடித்தது. அவன் பார்த்தான், எடுக்கவில்லை, மறுபடி புத்தகத்தில் குனிந்தான். செந்தூர்பாண்டி உள்ளே வந்தான். கத்தவில்லை. மெல்ல உட்கார்ந்து புன்னகைத்தான். எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு, இளம்பரிதியின் பேச்சில் பேசினான்.

“சாப்பிட்டியாப்பா? ரெண்டு மணிக்கு அடிச்சேன். நீ எடுக்கல. நான் கோபப்படல. கேக்குறேன், அவ்வளவுதான்.”

“சைலன்ட்டுல இருந்துச்சுங்க.”

“இருக்கட்டும். போனைக் கொஞ்சம் குடு. இந்த குரூப்பு உனக்கு எதுக்கு? விலகச் சொல்லல. உனக்கே தோணணும்.”

“சரிங்க.”

“நான் கத்துனேனா?”

“இல்லங்க.”

இசக்கிராஜா அந்த ‘இல்லங்க’வைத் தரையைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு இடது கையால் துண்டின் நுனியை விரலில் சுற்றினான். அதேபோல் சேலை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்த என் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. அடி இல்லை, வசவு இல்லை, கரண்ட் கம்பி இல்லை. ஹெச்.எம். கண் கலங்கினார். இளம்பரிதி எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கணவனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பத்துக்குப் பத்து போட்டார்.

பி.டி. சார் பூஜ்யம் போட்டார்.

சார், இந்தப் பையன் ஒருமுறைகூடக் கத்தவில்லையே என்று இளம்பரிதி சிரித்தபடி விளக்கம் கேட்டார். பி.டி. சார் மெமோவை நினைத்துக்கொண்டு தொண்டையை அடக்கிப் பேசினார்.

“செல்போனப் பிடுங்கிட்டாம்லா. அது எப்படி நல்ல புருசன்?”

“பிடுங்கல சார். கேட்டு வாங்கினான். அக்கறைதானே.”

“எம் பொண்டாட்டி நர்சு. ஊர் ஊரா ஊசி போடப் போவா. நான் போன் போட்டா எடுக்க மாட்டா. எடுக்கலன்னா வேலையா இருக்கான்னு அர்த்தம். நான் வச்சிட்டு வேற சோலியப் பாப்பேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். “இப்ப எங்க இருக்காவ சார்?”

“தெரியாதுல.”

“தெரியாதா சார்?”

“தெரியாது. வீட்டுக்கு வந்தா தெரியும்.”

நூலகம் முழுக்கச் சிரிப்பு. சொந்த மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரியாத ஒரு மனிதரை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பூஜ்யத்தைத் திருத்தாமல் தாளை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு பேர் கணக்கில் அந்தக் குழுவுக்குப் பத்து. முந்திய குழு எங்கள் மூவரிடமும் வாங்கியது பதினைந்து. நான் நான்கு போட்டிருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள். இளம்பரிதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், மிகவும் அன்பாக.

ஏழு போட்டேன்.

டிசம்பர் 7, சனி

ஏழு ஒரு நல்ல எண். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

செந்தூர்பாண்டி கோப்பையோடு வந்தான். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றான். எடுத்துக்கொண்டோம். பிறகு, நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தான்.

“அந்தப் புள்ளைட்ட இப்பல்லாம் நான் கத்துறதே இல்ல மிஸ். அடிக்கதும் இல்ல. சார் மாதிரி மெதுவாத்தான் பேசுதேன். எங்க இருக்கான்னு போட்டோ எடுத்து அனுப்பிருவா. அழுதாக்கூடக் கோவப்பட மாட்டேன்.”

“அழுவாளா?”

“அப்பப்ப.”

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். வேனில் சார் உங்களோடு பேசிக்கொண்டு வந்தாரே, அதையும், முறுக்குத் தின்ற அன்று அடுக்குக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டு பேர் கேட்டதையும் வைத்துத்தான் நாடகமே போட்டோம் என்றான். ஒளிவு மறைவில்லாத பையன். அவன் கண்ணில் அது திருட்டு அல்ல, பாடம். சொன்னதைச் செய்திருக்கிறான், ஆறு பாட வகுப்புகளில் ஒன்றில்கூட அவன் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

வேனில் நான் பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்காதே என்றேன். மனைவியின் பேச்சை எப்படி எழுதினார்கள்?

“அதுக்கென்ன மிஸ்” என்றான். “அது ஈஸிதான்.”

நிறையப் படித்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பிறருக்குள் புகுந்து பார்க்கப் புத்தகம் கற்றுத்தரும் என்று பையன்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். இசக்கிராஜா இதுவரை ஒரு புத்தகமும் எடுத்ததில்லை.

“அந்த நாடகம் ஜெயிச்சிருக்கக் கூடாது” என்றேன். “நான் போட்ட ஏழு தப்பு. பயந்து போட்டேன்.”

“யாருக்கு மிஸ் பயந்தீங்க? சார் கத்தவே மாட்டாவளே.”

“அதுக்குத்தான்.”

அவனுக்குப் புரியவில்லை. கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றான். நீ செய்வது அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் அறைதான், இந்த முறை சத்தம் இல்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பையனிடம் குரலை உயர்த்தியிருக்கிறேன். பி.டி. சாரின் மெமோ எனக்கும் பொருந்தும்.

டிசம்பர் 10, செவ்வாய்

காலை பெண்கள் பள்ளிக்குப் போய், அந்த மாணவியின் வகுப்பாசிரியையைப் பார்த்து எல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டார். இன்னும் இப்படி எத்தனையோ என்று ஒரு பெருமூச்சுவிட்டார். ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. பெண்கள் பள்ளியில் உனக்கு என்ன வேலைப்பா என்றார். லொகேஷனை நிறுத்தாமலே கிளம்பியிருக்கிறேன், பழக்கம். நிச்சயதார்த்தம் வேண்டாம் என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். ரொம்ப நேரம் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து எண்ணியிருப்பார்.

“நான் உன்னை அடிச்சேனா வடிவு?”

“இல்ல.”

“கத்தினேனா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“செந்தூர்பாண்டியும் இப்ப அடிக்கிறது இல்லங்க. கத்துறதும் இல்ல.”

அந்தப் பையன் எங்கள் வட்டத்தின் வெற்றி என்றார். ஆமாம் என்றேன். நீ களைத்திருக்கிறாய், நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்றார். போனை வைத்தேன். அதன்பின் லொகேஷனை நிறுத்த எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. போடும்போது அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். நிறுத்த வழி தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் அம்மா கரண்டியோடு நின்றாள். “அடிச்சானா? குடிச்சானா? நகை கேட்டானா? ஒண்ணுமில்ல. பின்ன எதுக்குட்டி வேண்டாங்குத?” என்னிடம் இருந்தவை பசைக் கைப் படம், பூக்காரியின் சில்லறை, பன்னிரண்டு நிமிடம். எதை எடுத்துச் சொன்னாலும் அற்பமாகத்தான் இருந்தது. அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஒனக்கு வேண்டாமா?”

“வேண்டாம்பா.”

“சரி. நான் அவியட்ட சொல்லிக்கிடுதேன்.”

நான் எதிர்பார்த்தது ஒரு விசாரணை. அவர் காரணம் கேட்கவே இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. காலையில் தலையணை உறைகளைத் துவைத்தேன். அம்மா பேசவில்லை, ஆனால் சோற்றில் நெய் விட்டாள், பழக்கத்தால் இருக்கலாம். விசேஷத்துக்கு வந்துவிட்ட ஒரே விருந்தாளி சிவகாசிச் சித்தப்பா. தகவல் போய்ச் சேரவில்லையாம். சாப்பிட்டுவிட்டு, அந்தப் பையனைப் பார்த்தால் அடிக்கிற மாதிரித் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஜனவரி 3, வெள்ளி

பள்ளி திறந்தது. நல்லாண்மை வட்டம் இந்த வருடம் பதினொரு பள்ளிகளுக்குப் போகிறது. அவர்களுடைய புது வெளியீட்டின் அட்டையில் செந்தூர்பாண்டி கோப்பையோடு நிற்கிறான். ஹெச்.எம். அதை நூலகத்துக்கு ஐந்து பிரதி வாங்கச் சொன்னார். அத்தோடு, என் தற்காலிகப் பணி இந்த மாதத்தோடு முடிகிறது என்றும் சொன்னார். எவரோ ஒரு நலம்விரும்பி, எனக்கு ஓய்வு தேவை என்று அவரிடம் மிகவும் அக்கறையாகப் பேசினாராம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை காலியாக இருந்ததால் பி.டி. சார் அதைக் கேட்டு வாங்கிக் கபடிக்கு எடுத்துக்கொண்டார். மறுபடியும் கத்துகிறார். இடையில் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கேட்டதெல்லாம் “ம்”, “சரி”, “நான் உலை வச்சிருதேன்”. ஏமாற்றமாக ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.

பெண்கள் பள்ளி ஆசிரியை அந்த மாணவியின் வீட்டாரை வரவழைத்துப் பேசினார். அவளுக்கு இப்போது வேறு எண். செந்தூர்பாண்டிக்கு அது தெரியாது.